பேஸ் கிட்டாருக்கு எந்தப் பிக்? நுனியிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

பேஸ் கிட்டார் வாங்கும்போது மரம் என்ன, பிக்கப் என்ன, ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் என்று வாரக்கணக்கில் விசாரிக்கிறவர்கள் கம்பியை மீட்டும் சின்னத் துண்டான பிக் விஷயத்தில் மட்டும் துறவியாகிவிடுகிறார்கள். கடைக் கல்லாவுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் கைக்கு அகப்பட்டது எதுவோ அதுதான் அவர்களுடைய பிக். கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் கிண்ணத்தில் கைவிடவும் வேண்டியதில்லை. ஆனால் கம்பியை முதலில் தொடுவது அந்தச் சின்னத் துண்டுதான். அங்கே பிறக்காத ஒலியைப் பிறகு எந்த எஃபெக்ட் பெடலாலும் முழுசாகச் செய்து தர முடியாது.

யாரையாவது கேட்டால் கிடைக்கும் ஆலோசனை ஒரே வரிதான்: "பேஸ் கம்பி தடிமன், அதனால் தடித்த பிக் வாங்கு." இது பாதிதான் சரி. கம்பியில் பட்டு வளையாத அளவுக்குத் தடிமன் இருந்தால் போதும். அதற்குமேல் ஒலியைத் தீர்மானிப்பவை நுனியின் வடிவமும் விளிம்பின் வழவழப்பும்தான். சென்னையில் வாசிப்பவருக்கு இன்னொன்றும் உண்டு, வியர்வை. கையில் நிற்காத பிக் எவ்வளவு நல்ல பிக்காக இருந்தாலும் பயனில்லை.

முதல் படி: பிக் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பிக் பிடிப்பவரைப் பாதி பேஸ் கலைஞராகப் பார்க்கும் ஏளனம் ஒத்திகை அறைகளில் இன்னும் உலவுகிறது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த கரோல் கே, 1963ல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமல் போகவே அந்த இடத்தில் உட்கார்ந்தார். கிட்டார்காரர் என்பதால் பிக்கோடுதான் வாசித்தார். பிற்பாடு அமெரிக்காவின் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவராக ஆனபோதும் பிக்கை விடவில்லை. பால் மெக்கார்ட்னி, யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர், மோட்டர்ஹெட்டின் லெம்மி ஆகியோரும் பிக் வாசிப்புக்குப் பேர்போனவர்கள். இந்த நால்வரின் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்கொன்று உறவே இருக்காது. பிக் ஒலி என்று ஒரே ஒலி கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விரல் நுனி அகலமானது, மென்மையானது. கம்பியை விட்டு விலகும்போதே மேற்சுரங்களில் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகளில்) ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது. பிக் மிகக் குறுகிய இடத்தில் கம்பியை இழுத்துச் சட்டென்று விடுவதால் மேற்சுரங்கள் நிறையக் கிளம்புகின்றன, கூடவே தொடக்கத்தில் ஒரு 'டிக்' ஒலியும் வருகிறது. நான்கு கம்பி பேஸின் கடைசிக் கம்பியான ஈ 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைபேசி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதற்கு மேலுள்ள மேற்சுரங்களைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தைக் காதும் மூளையுமாகக் கற்பித்துக்கொள்கின்றன. இன்று பாதிப் பேர் பாட்டு கேட்பது கைபேசியில்தான் என்பதால், பிக்கின் அந்த 'டிக்' பேஸ் வரியைக் காப்பாற்றுகிறது.

வேகமான ராக், மெட்டல், ஒரே சுரத்தை எட்டெட்டாக அடித்துச் செல்லும் பாட்டு, எலெக்ட்ரிக் கிட்டார்கள் இரண்டு மூன்று சேர்ந்து இரையும் மேடை ஆகியவற்றுக்குப் பிக் பொருந்தும். நீண்ட வழுக்கல்களும் மெல்லிய ஏற்ற இறக்கமும் உள்ள மெலடிக்கு விரலே மேல் என்பது என் கருத்து. இளையராஜா பாடல்கள் தனி வகை. அங்கே பேஸ் வரி பாடகருக்குப் பக்கத்தில் தனி மெட்டாகவே நடந்துபோகும், ஒவ்வொரு சுரமும் எண்ணி எடுக்கிற மாதிரி விழ வேண்டும். மெல்லிசைக் குழுவில் அவற்றை வாசிப்பவர்கள், உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் (கம்பிகளை உடலில் தாங்கும் கட்டையின்) மேல் லேசாகப் பதித்து உருண்டை நுனிப் பிக்கால் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். சுரங்கள் சுருக்கமாக, கொழகொழப்பில்லாமல் வந்து விழும். கல்யாண மண்டபத்தின் எதிரொலியில் இது பெரிய உதவி.

இரண்டாம் படி: உங்கள் கம்பியைப் பாருங்கள்

பிக்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கம்பியும் பிக்கும் ஜோடி.

வழக்கமான பேஸ் கம்பி செட் 0.045 முதல் 0.105 அங்குலம் வரை இருக்கும். கடைசிக் கம்பி ஏறக்குறைய 2.7 மி.மீ. எலெக்ட்ரிக் கிட்டாரின் முதல் கம்பி பெரும்பாலும் 0.009 அல்லது 0.010 அங்குலம். பத்து மடங்கு வித்தியாசம். கிட்டார் நண்பரின் மெல்லிய பிக் பேஸில் ஏன் படபடக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: கம்பி நகர்வதற்குள் பிக் வளைந்துவிடுகிறது. காதில் விழுவது பிளாஸ்டிக்கின் சத்தம். சுரம் பின்னால் மெலிந்து வருகிறது.

அடுத்து, கம்பியின் மேல்பரப்பு. வட்டக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் என்றால், நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள், அரம் போல 'ஸ்ர்ர்' என்னும். பிக் சாய்வாக உரசும்போது அதே சத்தம் ஆம்ப்ளிஃபையரில் பெரிதாகிறது. தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்டில் இந்த உரசல் அநேகமாக இல்லை, ஒலியும் மந்தமாக, உருண்டையாக இருக்கும். இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. கம்பி பளிச்சென்று ஒலித்தால் பிக் கொஞ்சம் மழுங்கலாக இருக்கட்டும். கம்பி மந்தமாக இருந்தால் கடினமான, கூர்மையான பிக் அதை எழுப்பும். புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்டில் அல்டெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த கூர்நுனிப் பிக்கை வைத்தால், குழுவுக்கு நடுவில் பாத்திரக்கடை திறந்த மாதிரி இருக்கும்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் கம்பிகள் சீக்கிரம் களை இழக்கும். ஜூனில் பொருந்திய பிக் செப்டம்பரில் மந்தமாகத் தோன்றினால் குற்றம் பிக்கினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்கள் பீ கம்பியில்தான் எந்தப் பிக்கையும் சோதிக்க வேண்டும். அது ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் 0.130 அங்குலத் தடிமன். அதை ஒழுங்காக நகர்த்தும் பிக் மற்ற நான்கையும் நகர்த்திவிடும்.

மூன்றாம் படி: தடிமன்

பிக்கின் மேல் மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பதுதான் தடிமன். சிலவற்றில் எண் இல்லாமல் மீடியம், ஹெவி என்று மட்டும் இருக்கும். அவற்றை நம்பி ஒப்பிட வேண்டாம், ஒரு நிறுவனத்தின் ஹெவி இன்னொன்றின் மீடியம்.

பிக் தயாரிக்கும் டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வரிசையில் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14 மி.மீ. கையில் அளவுகோல் எதுவும் இல்லையென்றால் உங்கள் ஏ.டி.எம். அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடிமன் உலகம் முழுக்க 0.76 மி.மீ. அதைவிட எளிதாக வளைகிற பிக் பேஸுக்குப் பெரும்பாலும் உதவாது. காலாவதியான அட்டையை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, தற்காலிகப் பிக்காகவும் வைத்துக்கொள்ளலாம். வெட்டும் முன் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 0.88 அல்லது 1.0. அதற்குக் காரணம் உண்டு. 0.73 கொஞ்சம் வளையும். அந்த வளைவு வேகமாக மேலும் கீழும் அடிக்கும்போது கையைக் காக்கும், ஆனால் அடி விழும் நேரம் இம்மி பிந்தும். டிரம்மர் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு பேஸ் ஒட்டி விழ வேண்டிய இடத்தில் அந்த இம்மி தெரியும். 1.5, 2, 3 மி.மீ. என்று ஏறிக்கொண்டே போனால் பிக் கொஞ்சமும் வளையாது, வளைய வேண்டியது உங்கள் மணிக்கட்டுத்தான். பிடி இறுகி, முன்கை கடுத்து, மூன்றாவது பாட்டில் வேகம் தளரும். தடித்த பிக்கை விரும்புகிறவர்கள் தளர்ந்த பிடியை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, தடிமன் ஏறினால் சத்தம் ஏறும் என்பதும் இல்லை. சத்தம் ஏறுவது கம்பியை எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறீர்கள் என்பதால்.

நான்காம் படி: நுனியும் வடிவமும்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

கடைகளில் நிறைந்து கிடப்பது, ஃபெண்டர் 351 என்ற எண்ணால் அறியப்படும் பொது வடிவம். ஏறக்குறைய 3 செ.மீ. நீளம், மேலே இரண்டு அகன்ற தோள்கள், கீழே ஒரு நுனி. இதிலேயே இரண்டு பிக்குகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நுனியால் வாசித்தால் தெளிவு. பிக்கைத் திருப்பி, உருண்டையான தோளால் வாசித்தால் 'டிக்' பாதியாகக் குறைந்து அடிச்சுரம் பருத்து வரும். புதிய பிக் வாங்கும் முன் இருக்கும் பிக்கைத் திருப்பிப் பிடித்து ஒரு வாரம் வாசியுங்கள். பலருடைய தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

பேஸ் கலைஞர்களிடம் பெரிய முக்கோணப் பிக்குக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்று மூலைகளும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். பரப்பு அதிகம் என்பதால் விரல்களுக்குப் பிடி கிடைக்கிறது. இருட்டு மேடையில் பிக் கையில் சுழன்றுவிட்டாலும் எப்படியும் ஒரு மூலை கம்பியைப் பார்த்தபடி இருக்கும். என்னைக் கேட்டால், சென்னையில் முதல் பிக்காக வாங்க வேண்டியது இந்த முக்கோணம்தான்.

ஜாஸ் 3 போன்ற சின்னஞ்சிறு கூர்நுனிப் பிக்குகள் கிட்டாரில் தனி வாசிப்புக்காகப் புகழ்பெற்றவை. பேஸில் அவை துல்லியம் தரும், ஆனால் விரலுக்கும் கம்பிக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஈ கம்பியின் அகலத்தைத் தாண்டுவதற்குள் விரல் நகம் கம்பியில் இடிக்கும். ஸ்குவயரைப் போலப் பிக்கோடு கட்டைவிரல் சதையும் சேர்ந்து கம்பியில் பட வேண்டும் என்று விரும்பினால் மட்டும் இந்தச் சிறிய வடிவம் கைகொடுக்கும்.

நுனியை எப்படிப் பார்ப்பது? பிக்கை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, மேலிருந்து பார்க்கும்போது நுனியின் வளைவு கூர்மையா, உருண்டையா என்பது. இரண்டு, விளிம்பின் குறுக்குவெட்டு. சில பிக்குகளின் ஓரம் தகடு வெட்டியது போலச் செங்குத்தாக நிற்கும், சிலவற்றில் இரு பக்கமும் சீவி உருட்டப்பட்டிருக்கும். செங்குத்து ஓரம் கம்பியில் தடங்கி 'கிளிக்' என்னும். சீவிய ஓரம் வழுக்கிச் செல்லும். ஒரே பொருளில், ஒரே தடிமனில் உள்ள இரண்டு பிக்குகள் வேறு வேறாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐந்தாம் படி: எதனால் செய்தது

ஒரு காலத்தில் உயர்ந்த பிக் என்றால் ஆமையோடு. அதற்காகக் கொல்லப்பட்டது அழுங்காமை. பெசன்ட் நகர் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் உறவு. இன்று அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தமும் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கின்றன, யாராவது பழைய ஆமையோட்டுப் பிக் என்று விற்க வந்தால் விலகிவிடுங்கள். ஆமையோட்டுக்கு மாற்றாகத்தான் 1981ல் டன்லப் டார்டெக்ஸைக் கொண்டுவந்தது. அதன் மேல் ஆமைப் படம் இருப்பதும் அதனால்தான்.

டார்டெக்ஸும் டெல்ரினும் ஒரே குடும்பம், அசிட்டால் என்ற பிளாஸ்டிக். விறைப்பானது, ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது, தேய்மானம் மெதுவாக. டார்டெக்ஸின் பரப்பு மாவு பூசியது போல இருக்கும், டெல்ரின் சற்று வழவழப்பு. ஒலி நடுத்தரம், எந்தப் பக்கமும் சாயாது. தொடக்கத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான பொருள் இல்லை.

செல்லுலாய்டு பழைய பொருள். தயாரிப்பில் கற்பூரம் சேர்வதால், உப்புத்தாளில் தேய்த்து முகர்ந்தால் பூஜையறை வாசனை லேசாக வரும். இதமான, பழைய பாணி ஒலி. ஆனால் ரவுண்ட்வவுண்ட் கம்பியில் சீக்கிரம் கரையும், வியர்த்த கையில் சோப்புத் துண்டாகிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சாம்பிராணிப் பக்கம் வைக்காதீர்கள்.

நைலான் நெகிழ்வானது, அதே தடிமனில் மற்றவற்றைவிட அதிகம் வளையும். ஆகவே டார்டெக்ஸில் 0.88 பொருந்தினால் நைலானில் 1.0க்கு மேல் பாருங்கள். 'டிக்' மென்மையாக இருப்பதால் மெல்லிசைக் கச்சேரிக்கு எனக்குப் பிடித்தது. நைலான் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும் இயல்புடையது, மழைக்காலத்தில் இன்னும் சற்று தொய்வாகத் தோன்றினால் வியப்பில்லை.

அல்டெக்ஸ் கடினம், பளிச்சென்ற ஒலி, நீண்ட ஆயுள். இரைச்சலான குழுவில் பேஸ் தனித்துத் தெரிய வேண்டும் என்றால் இது.

சின்ன கிட்டார் போன்ற உகுலேலேக்காக வரும், அழுத்திய கம்பளியால் ஆன தடித்த ஃபெல்ட் பிக் பேஸில் விரலுக்கு மிக நெருங்கிய ஒலி தரும். நகம் உடைந்தோ விரல் கொப்பளித்தோ இருக்கும் நாளில் இது காப்பாற்றும். பஞ்சு உதிரும், உதிர்ந்தது பிக்கப் மேல் படியும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். உலோகப் பிக்கை பேஸ் பக்கமே கொண்டுவராதீர்கள், கம்பியின் சுற்றை அது தின்றுவிடும்.

ஆறாம் படி: வியர்வைச் சோதனை

வெளிநாட்டு வழிகாட்டிகள் பிடிமானத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவற்றை எழுதியவர்கள் சித்திரை மாதத்தில் ஆவடியில் திறந்தவெளி மேடை ஏறியவர்கள் அல்லர். இங்கே அக்கினி நட்சத்திரத்தில் மட்டும் வியர்ப்பதில்லை. மார்கழிக் கச்சேரியிலும் மேடை விளக்குக்குக் கீழே உள்ளங்கை நனையும். ஏ.சி. அறையில் வாங்கிய பிக் மேடையில் நழுவுவது இதனால்தான்.

கடையில் பிக்கைத் தொட்டுப் பார்ப்பது போதாது. வீட்டில் கை கழுவி, துடைக்காமல், ஈரக்கையோடு ஐந்து நிமிடம் ஈ கம்பியில் விடாமல் எட்டெட்டாக வாசியுங்கள். பிக் உங்களை அறியாமல் சுழல்கிறதா, உள்ளே வழுக்கிப் போகிறதா, பிடிக்க விரல் இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் அந்தப் பிக் உங்களுக்கு இல்லை. வழவழப்பான பரப்பைவிட டார்டெக்ஸின் மாவுப் பரப்பும், நைலான் பிக்குகளில் புடைத்து நிற்கும் எழுத்துகளும் இங்கே உதவுகின்றன.

ஒலி பிடித்திருக்கிறது, பிடிதான் நழுவுகிறது என்றால் சில கைவைத்தியங்கள் உண்டு. ஜியோமெட்ரி பெட்டியின் காம்பஸ் முனையால் பிடிக்கும் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறலாம், இதுதான் எனக்கு நம்பகமானது. நடுவில் ஒரு துளை போட்டால் இரண்டு பக்கத்து விரல் சதையும் அதில் லேசாகப் பதிந்து நிற்கும். மயிலாப்பூர் பக்கம் எந்த இசைக் கருவிக் கடையிலும் வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டி கிடைக்கும். அதைப் பிடிக்கும் பகுதியில் மட்டும் லேசாகத் தேய்த்தால் பிக் விரலில் ஒட்டி நிற்கும். நுனியிலோ கம்பியிலோ படக்கூடாது, பட்டால் பிசுபிசுப்பில் தூசி சேரும். பவுடர் பூசுவது மட்டும் வேண்டாம், இரண்டாவது பாட்டிலேயே அது மாவாகக் குழைந்துவிடும்.

ஏழாம் படி: கடையில், பிறகு வீட்டில்

அண்ணா சாலையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடையோ, உங்கள் பேட்டையின் சிறிய கடையோ, பிக் வாங்க நேரில் போவதே நல்லது. இணையத்தில் ஒரே பிக்கை டஜன் கணக்கில் வாங்க வேண்டியிருக்கும், பிடிக்காவிட்டால் பதினொன்று மிச்சம். கடையில் வகைக்கு ஒன்றாக எடுக்கலாம். ஒரு செட் பேஸ் கம்பியின் விலையோடு ஒப்பிட்டால் அத்தனையும் சேர்ந்து ஒரு பொருட்டில்லை. முடிந்தால் உங்கள் பேஸையே எடுத்துப் போங்கள். மாட்டி வைத்திருக்கும் கருவியின் கம்பியும் உயரமும் வேறு.

எடுக்க வேண்டியவை: 0.88 அல்லது 1.0 டார்டெக்ஸ் வகையில் பெரிய முக்கோணம் ஒன்று, அதே தடிமனில் பொது வடிவம் ஒன்று, நைலான் ஒன்று, அல்டெக்ஸ் ஒன்று. பணம் இருந்தால் ஃபெல்ட்.

கண்ணாடி மேசையின் மேல் ஒவ்வொன்றையும் ஓர் அடி உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். கடினமான பிக் 'டிங்' என்று மேல் ஒலியோடு விழும். நைலான் 'டொப்' என்னும். கம்பியில் தொடக்க ஒலி எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இது தோராயமான முன்னறிவிப்பு. கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

வீட்டில் சோதிக்கும்போது ஒன்றைத் தவிர எதையும் மாற்றாதீர்கள். ஒரே வரி, ஒரே வேகம், மெட்ரோனோம், ஆம்ப்ளிஃபையர் அமைப்பு அப்படியே, கை படும் இடமும் அப்படியே. கை பிரிட்ஜை நெருங்கினால் ஒலி கூர்மையாகும், நெக் பக்கம் போனால் உருண்டையாகும். இந்த மாற்றம் பிக்கை மாற்றுவதைவிடப் பெரியது என்பதால் அடையாளத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டிவைப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு பிக்கையும் கைபேசியில் பதிவு செய்து, அடுத்த நாள் யாரையாவது வரிசை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும், கையின் சுகத்தை ஒலியின் சுகமாக எடுத்துக்கொள்ளும். பேஸ் மட்டும் தனியாகக் கேட்டு முடிவு செய்யவும் கூடாது. தனியாக எரிச்சலூட்டும் 'டிக்', டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் சரியான அளவாகிவிடும்.

எட்டாம் படி: பிடியும் சாய்வும்

பிடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படுக்க வையுங்கள். நுனி நான்கைந்து மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். அதில் பாதிதான் கம்பிக்குள் இறங்க வேண்டும். ஆழமாக இறக்கினால் பிக் மாட்டிக்கொள்ளும், வேகம் போய்விடும்.

பிக்கின் முகம் கம்பிக்கு இணையாக இருந்தால் அடி சுத்தமாக விழும். கொஞ்சம் சாய்த்தால் விளிம்பு வழுக்கிச் சென்று ஒலி மென்மையாகும், ரவுண்ட்வவுண்டில் உரசல் சேரும். கீழ்நோக்கி மட்டும் அடித்தால் ஒவ்வொரு சுரமும் ஒரே எடையில் விழும், மேலும் கீழும் அடித்தால் வேகம் கிடைக்கும். இந்த இரண்டாவதில் மேல் அடி மெலிந்து கேட்டால், பிக்கை மாற்றும் முன் மணிக்கட்டைக் கவனியுங்கள்.

ஒன்பதாம் படி: தேய்ப்பதும் தூக்கிப் போடுவதும்

ரவுண்ட்வவுண்ட் கம்பியில் ஒரு மணி நேரம் பலமாக வாசித்த பிறகு, பேஸின் உடலைக் கீறலிலிருந்து காக்கும் கறுப்புத் தகடான பிக்கார்டைப் பாருங்கள். மாவு தூவியது போல மெல்லிய தூள் படிந்திருக்கும், அது உங்கள் பிக். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்தால் நுண்ணிய பற்கள் தட்டுப்படும். கம்பியின் ஒவ்வொரு சுற்றும் விட்ட தடம். அந்தப் பற்கள்தான் சில நாட்களுக்குப் பின் வரும் காரணமில்லாத 'கரகர' ஒலிக்குக் காரணம். இதைக் கம்பியின் கோளாறு என்று நினைத்து புது செட்டுக்குச் செலவு செய்கிறவர்கள் உண்டு.

ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000 எண் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் தாளை விரித்து, பிக்கைக் கம்பியில் அடிக்கும் அதே சாய்வில் பிடித்து, ஒரு பக்கம் பத்துத் தடவை, மறு பக்கம் பத்துத் தடவை. பிறகு நுனியை உருட்டினாற்போல மெல்ல. எண் ஏற ஏற அழுத்தம் குறையட்டும். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் வேகமாகத் தேய்த்தால் விளிம்பு கண்ணாடியாகும். இதே முறையில் கூர்நுனிப் பிக்கை உங்களுக்கு வேண்டிய அளவுக்கு மழுக்கியும் கொள்ளலாம். கடையில் கிடைக்காத நுனியை இப்படி நீங்களே செய்துகொள்ள முடியும்.

செல்லுலாய்டு என்றால் இரண்டொரு முறைக்கு மேல் தேய்க்க மிஞ்சாது. டெல்ரினும் அல்டெக்ஸும் நெடுநாள் தாங்கும். முக்கோணத்தின் மூன்று மூலைகளும் மழுங்கி, தேய்க்கத் தேய்க்கப் பிக் உள்ளங்கையில் சிறுத்துப் போனால் அதற்கு விடை கொடுத்துவிடலாம்.

மேடைக்குப் போகும்போது ஒரே வகைப் பிக் மூன்றாவது இருக்கட்டும். ஒன்று கையில், ஒன்று பிக்கார்டின் திருகுக்கு அடியில் செருகி, ஒன்று மைக் ஸ்டாண்டில் டேப் போட்டு ஒட்டி. சட்டைப் பையில் வைத்தால் நனைந்துவிடும். கிட்டார் கலைஞர் கடன் கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பொது வடிவத்தில் உள்ளதைக் கொடுங்கள்.